ஏட்டுச் சுரைக்காய்

மடிப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பதினான்கு வீடு.
வீட்டுக்கு வாரம் இருநூற்று இருபத்தைந்து.
சனிக்கிழமை ஆறு மணிக்கு
உத்திரமேரூர் தாண்டியிருந்து ஒரு குட்டியானை வரும்,
ஆறு வகைக் காயோடு.
ஒன்றே முக்கால் ஏக்கர், துளசிங்கம், அவர் மனைவி பூங்காவனம்,
கடனில் வாங்கிய மோட்டார்.

கணக்கு நான்.
டயர் கடையில் பத்தொன்பது வருடம் பேரேடு எழுதுகிறவள் என்று
என் தலையில் கட்டிவிட்டார்கள்.
விதி மூன்றாம் மாடி வரதராஜன் எழுதியது:
பணம் பொதுவில் இருக்கும்,
ஏட்டில் காய் ஏறினால்தான் கை மாறும்.
மாதக் கடைசியில் அவர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்,
பச்சை மையில்.

ஐப்பசி அடைமழையில் ஏரி கடைவாசல் உடைத்து
கத்திரி அழுகியது, வெண்டை படுத்தது.
மாட்டுக் கொட்டகைக் கூரைமேல் ஏறிய சுரை மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் காய்த்தது.
'இன்னாம்மா பண்றது, அது ஒண்ணுதான் மேல ஏறித் தப்பிச்சிச்சி.'

முதல் வாரம் சுரைக்காய் பதினான்கு.
இரண்டாம் வாரம் சுரைக்காய் பதினான்கு.
மூன்றாம் வாரம்
குட்டியானை திரும்பும் சத்தம் கேட்டதும்
என் கணவர் போர்வையை இழுத்துக்கொண்டார்.

ஆனால் படிக்கட்டில் வாசனை மாறிக்கொண்டிருந்தது.
பர்வீன் வீட்டில் எலும்பும் கடலைப்பருப்பும் போட்டுத் தால்சா.
ஸ்டெல்லா சென்னாங்குன்னியோடு வதக்கியதில்
இரண்டாம் மாடியே சன்னலைச் சாத்தியது,
அப்புறம் ஒரு கிண்ணம் கேட்டனுப்பியது.
லாவண்யா அதை ஆனப்பகாய என்றுதான் சொல்வாள்,
தோலோடு துவையல் அரைத்து
நெய் விடாமல் தின்னக்கூடாது என்று மிரட்டினாள்.
நான் அடை வார்த்தேன், வேலூர்ப் பக்குவம்,
துருவிப் பிழியாமல், அந்தத் தண்ணீரிலேயே மாவு கரைத்து.
ஏழு வருடமாய் லிப்டில் மட்டும் சிரித்துக்கொண்டவர்கள்
மூடி போட்ட கிண்ணங்களோடு ஏறி இறங்கினோம்.
லிப்ட் பழுது வேறு.

வரதராஜன் மட்டும்
குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்:
'விதிப்படி ஆறு வகை.'

ஒருமுறை ஒரு காய் மரமாய் இருந்தது, கத்தி இறங்கவில்லை.
பூங்காவனம் போனில் பதறினாள்:
'ஐயோ, முத்தலாச்சே அது! வெதைக்கு வுட்டதுக்கா,
எப்படியோ ஏறிடுச்சி. திருப்பிக் குடுத்துடுங்க.'

நான்காம் வாரம் வண்டி வரவில்லை.
ஏழு மணிக்குத் துளசிங்கம் பேசினார்.
கூரையே உட்கார்ந்துவிட்டதாம், கொடியோடு.
'மாடு?'
'வெளிய கட்டியிருந்தேன்.'
பிறகு இருவரும் கொஞ்ச நேரம்
மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்,
அவர் மழை ஒரு மாதிரி, என் மழை ஒரு மாதிரி.

ஏட்டைத் திறந்தேன்.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு டியூப், ஒரு வால்வு
இல்லாததை இருப்பென்று எழுதியதில்லை.
ஒன்றாம் வகுப்பில் படித்த பழமொழி
அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.
தேதி போட்டேன்.
சுரைக்காய், பதினான்கு.
மூவாயிரத்து நூற்றைம்பது அனுப்பினேன்.

உடனே அழைத்தார்.
'இது எதுக்கும்மா?'
'சுரைக்காய்க்கு.'
'வரலியேம்மா.'
'ஏட்டுல வந்திருக்கு.'

மாதக் கடைசி.
வரதராஜன் கண்ணாடியை ஏற்றி
வரிவரியாக விரலோட்டினார்.
நான்காம் வாரத்தில் விரல் நின்றது.
எதிரில் குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்தது.
மனுஷன் என்னைப் பார்க்கவில்லை,
பேனா மூடியைக் கழற்றினார்,
பச்சை மையில் பெயரை முழுக்க எழுதினார்.

படியில் பாதி இறங்கியவர் நின்று,
'அந்த நாலாம் வாரக் காய்,' என்றார்,
'கொஞ்சம் முத்தல்தான்.'